மரியாள் இன்னும் கிளம்பவில்லை

கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டால் லோயிஸ் வீட்டில் உட்கார இடம் இருக்காது. நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அதுவும் யாருடைய புதுச் சட்டையையும் மிதிக்காமல் நிற்க வேண்டும்.

லோயிஸின் நைனா, அதாவது அப்பா, நேசகுமார் ஒரு தையல்காரர். சித்தூரில் அவர்கள் வீட்டின் முன் அறைதான் தையல் கடை. வாசலுக்கு மேலே ‘நேசகுமார் டெய்லர்’ என்று தமிழில் ஒரு பலகை. ஆந்திரா தனி மாநிலம் ஆன பிறகு அதன் கீழே தெலுங்கிலும் எழுதிச் சேர்த்திருந்தார். “எந்த பாஷையில கேட்டாலும் இடுப்பளவு ஒண்ணுதான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

டிசம்பர் வந்ததும் சித்தூரில் சர்ச்சுக்குப் போகிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புதுத்துணி ஞாபகம் வந்துவிடும். பாவாடை, சட்டை, கால்சட்டை, பாட்டுக் குழுவுக்குச் சிவப்பு அங்கி என்று முன் அறை முழுவதும் துணி குவிந்துவிட்டது. மீதி இருந்த இடத்தில் அண்ணன் அசரியா மூங்கில் குச்சிகளைப் பரப்பிக்கொண்டு நட்சத்திரம் செய்துகொண்டிருந்தான். அசரியாவுக்குப் பதிமூன்று வயது. எதைச் செய்தாலும் தெருவிலேயே பெரிதாகச் செய்ய வேண்டும் அவனுக்கு.

பின்னால் அடுப்படியில் அம்மா கிருபாபாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தெருவில் இருக்கும் எல்லா வீட்டிலிருந்தும் அவர்களுக்குப் பலகாரத் தட்டு வரும். கிறிஸ்மஸுக்கு அத்தனை வீட்டுக்கும் இங்கிருந்து தட்டுப் போயாக வேண்டும். அதனால் அம்மா அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு என்று சுட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு சுலோசனா அத்தை வந்து முறுக்குப் பிழிந்து கொடுத்தார். சுலோசனா அத்தை பிழிந்தால் முறுக்கு உடையாது. அதை அவரே பத்துத் தரம் சொல்லுவார்.

எல்லாம் சந்தோஷமான வேலைதான். எண்ணெய் வாசனையும் புதுத்துணி வாசனையும் பசை வாசனையும் கலந்து வந்தால் லோயிஸுக்குச் சும்மாவே சிரிப்பு வரும். ஆனால் இந்த வருஷம் அவளுக்கு ஒரு கவலை இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலம் விளக்குப் போட்டதும் முன் அறையில் பாய் விரிப்பார்கள். முக்காலியின் மேல் இருக்கும் பெரிய வேதபுத்தகத்தை எடுத்து நைனா வாசிப்பார். பிறகு ஜெபம். டிசம்பர் முழுவதும் இயேசு பிறந்த கதைதான். அதை ஒரேயடியாக வாசிக்க மாட்டார். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் சரியாகப் பெத்லகேம் வந்து சேரும். எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதற்கு அடையாளமாக அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாடா வைப்பார்.

இந்த வருஷம் அந்த நாடா நகரவே இல்லை.

முதல் சில நாள் வாசித்தார்கள். சகரியா என்ற வயதானவரிடம் தேவதூதன் வந்து, உனக்கு மகன் பிறப்பான் என்று சொன்னான். சகரியா நம்பவில்லை. அதனால் அவருக்கு வாய் பேச முடியாமல் போய்விட்டது. அந்த இடத்தில் தையல் வேலை குவிந்தது. ஜெபம் நின்றது. சகரியா தாத்தா ஊமையாகவே உட்கார்ந்துவிட்டார். நாசரேத்தில் இருக்கும் மரியாளுக்கோ எந்தச் செய்தியும் வந்து சேரவில்லை.

“நைனா, இன்னிக்காவது ஜெபம் உண்டா?” என்று லோயிஸ் கேட்டாள்.

தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “இன்னா கண்ணு?”

“ஜெபம்!” என்று அவள் கத்தினாள்.

“நாளைக்கு வச்சிக்கலாம். இந்தப் பாவாடை இன்னிக்கே குடுக்கணும்.”

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது. “மாஸ்டரு! நா சட்டை ரெடியா?”

அது கண்டக்டர் சிட்டிபாபு. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் வேலை. தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். பேசுவார் என்பதைவிடக் கூவுவார் என்பதுதான் சரி. தெலுங்கில் ‘உந்தி’ என்றால் இருக்கிறது, ‘லேது’ என்றால் இல்லை. பஸ்ஸில் ஏற வருகிறவர்களிடம் சிட்டிபாபு ‘உந்தி’ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. “லேது, லேது! எடம் லேது!” என்பதுதான் அவர் பாட்டு.

“நாளைக்கு வாங்க சிட்டிபாபு. காக்கிதானே, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார் நைனா.

தனக்குச் சொன்ன அதே ‘நாளைக்கு’த்தான் என்று லோயிஸுக்குப் புரிந்தது. சிட்டிபாபு அந்த ‘நாளைக்கு’க்காக ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தார்.

சரி, நாமே வாசிப்போம் என்று லோயிஸ் முக்காலியைத் தேடினாள். முக்காலி இருந்தது. அதன்மேல் அதிரச மாவு டப்பா உட்கார்ந்திருந்தது. வேதபுத்தகத்தைக் காணவில்லை.

துணிக்குவியலுக்குள் தேடினாள். தையல் மிஷினுக்கு அடியில் தேடினாள். கடைசியில் அசரியாவின் மூலையில், ஒட்டிக் காயவைத்த காகிதங்களுக்கு மேல் அது இருந்தது.

“டேய் அண்ணா! வேதபுத்தகத்த எதுக்குடா இங்க வச்சிக்கிற?”

“பேப்பர் சுருங்கிக்கினே போவுது. மேல வெயிட்டு வைக்கணும்” என்றான் அசரியா. “இத விட கனமா நம்ம வீட்ல வேற இன்னா கீது?”

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். “அடப்பாவி! வேதபுத்தகத்தப் போயி பசைக்கு மேல வச்சிக்கிறியே, உனக்கு அறிவு கீதாடா?”

அசரியா தலையைச் சொறிந்தான். “அது தரையில கெடந்துச்சும்மா. முக்காலி மேலேர்ந்து அத எடுத்துட்டு மாவு டப்பாவ வச்சது யாரு?”

அம்மா முக்காலியைத் திரும்பிப் பார்த்தார். அந்த டப்பாவை வைத்தது அவர்தான். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. “நல்லாத் தொடச்சி வை கண்ணு” என்று லோயிஸிடம் சொல்லிவிட்டு, அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

லோயிஸ் புத்தகத்தைத் தன் பாவாடையில் துடைத்தாள். ஒரு மூலையில் மட்டும் பசை காய்ந்து பிடித்திருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, நாடா இருந்த பக்கத்தைத் திறந்தாள். எழுத்துக்கூட்டாமல் வாசிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். நினைத்தால் இன்றைக்கே பெத்லகேம் வரைக்கும் வாசித்துவிடலாம்.

இரண்டு வரி வாசித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். அவள் மட்டும் பெத்லகேமுக்குப் போய் என்ன செய்வது? நைனா மிஷினிலும் அம்மா அடுப்பிலும் அசரியா பசையிலும் இருந்துவிடுவார்கள். குழந்தை பிறக்கும்போது பார்க்க வீட்டில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்ததும் லோயிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் புத்தகத்தோடு அடுப்படிக்குப் போனாள்.

“அம்மா, கொஞ்ச நேரம் வாம்மா. பாய் விரிக்கலாம்.”

“எப்டி வர்றது? ரெண்டு கையும் மாவு. பாத்துக்கினுதானே கீற?”

லோயிஸ் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். உண்மைதான், முழங்கை வரைக்கும் மாவு. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கைக்குத்தானேம்மா வேலை? காது சும்மாத்தானே கீது?”

சுலோசனா அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதல் தடவையாக அவர் பிழிந்த முறுக்கு உடைந்தது. “வக்கீலுக்குப் படிக்க வை கிருபாக்கா இவள! கேக்கறது நியாயம்தானே? படி கண்ணு, நானும் கேக்கறேன்.”

லோயிஸ் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து வாசித்தாள். தேவதூதன் மரியாளிடம் வந்தான். உனக்கு ஒரு குமாரன் பிறப்பார், அவருக்கு இயேசு என்று பேர் வை என்றான். சுலோசனா அத்தைக்கு முன்கதை தெரியாது. அதனால் சகரியா தாத்தா ஊமையான கதையையும் லோயிஸ் சொல்ல வேண்டியதாயிற்று.

“ஐயோ பாவம்! அந்தக் கெழவருக்கு வாய் எப்ப வரும்?”

“நாளைக்குத்தான் அத்த. ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் படிக்கணும்.”

“இது இன்னாடி அநியாயம்! ராத்திரி எனக்குத் தூக்கம் வராதே!”

மறுநாள் முறுக்கு வேலையே இல்லை. இருந்தாலும் சுலோசனா அத்தை வந்துவிட்டார். வாசலில் செருப்பை விடும்போதே, “அவருக்கு வாய் வந்துச்சா?” என்று கேட்டார்.

மிஷினுக்குப் பின்னால் இருந்த நைனா நிமிர்ந்து பார்த்தார். “யாருக்கும்மா?”

“அதான் அண்ணா, உங்க சகரியாவுக்கு!”

நைனா அசடு வழியச் சிரித்தார். அவர் வீட்டுக் கதை அவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. “நானும் கேக்கணும் கண்ணு. ஆனா இந்த மிஷின் சத்தத்துல இன்னா காதுல விழும்?”

லோயிஸ் யோசித்தாள். தையல்காரர் மகளாகப் பிறந்தவளுக்கு எந்த வேலை சத்தம் போடும், எந்த வேலை போடாது என்று தெரியாதா?

“நைனா, காஜா எடுக்கறப்ப மிஷின் ஓடாது இல்ல?”

காஜா என்றால் சட்டையில் பட்டன் நுழைகிற துளை. அதன் ஓரத்தை ஊசியால் கையில்தான் தைக்க வேண்டும். சத்தமே வராது.

“ஓடாது.”

“அப்ப பகல்ல காஜா எடுக்காதீங்க. எல்லாச் சட்டையும் சேத்து வைங்க. வெளக்கு போட்டப்புறம் பாயில உக்காந்து எடுங்க. அம்மா அப்ப எண்ணெ வைக்க வேணாம், மாவு உருட்டட்டும். அண்ணன் பேப்பர் ஒட்டட்டும்.”

நைனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு மிஷினிலிருந்து காலை எடுத்தார். கடகடச் சத்தம் நின்றதும், வெளியே தெருவில் ஜட்கா வண்டி போகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

“பாய் எங்க விரிக்கறது? எடம் கீதா?” என்றார்.

துணிக்குவியலை எல்லோரும் சேர்ந்து சுவர் ஓரமாகத் தள்ளினார்கள். அசரியா மூங்கிலைச் சுருட்டினான். அதிரச மாவு டப்பா முக்காலியை விட்டுக் கீழே இறங்கியது. அம்மாவே அதை இறக்கினார். ஒரு பாய் அளவுக்கு இடம் வந்தது.

அன்று மகன் பிறந்து, சகரியா தாத்தாவுக்கு வாய் வந்தது. சுலோசனா அத்தை கை தட்டினார். நைனா காஜா எடுத்துக்கொண்டே தலையாட்டினார். வாசித்து முடித்ததும் லோயிஸ், “இப்ப எல்லாரும் கைய எடுங்க. ஜெபத்துக்குக் கை வேணும்” என்றாள். ஊசியும் மாவும் பசையும் கீழே போயின. நைனா சின்னதாக ஜெபம் செய்தார். சுலோசனா அத்தையும் மாவுக் கையோடு கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நாடா நகர ஆரம்பித்தது. விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட லோயிஸ் தினமும் கொஞ்சம் கூடுதலாக வாசித்தாள். வேலை எதுவும் நிற்கவில்லை. சொல்லப்போனால் காஜா வேலை முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஒரே ஒரு சட்டை மட்டும் எப்போதும் குவியலின் அடியில் போய்விடும். அது சிட்டிபாபுவின் காக்கிச் சட்டை. நன்றாகப் பழகியவர் சட்டைக்கு எந்தத் தையல்காரரிடமும் அதுதான் கதி.

ஒரு நாள் சாயங்காலம் வாசிப்பு நடக்கும்போது சிட்டிபாபு சட்டை கேட்டு வந்தார். எல்லோரும் அமைதியாக இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

அன்றைக்கு வாசித்தது ராயன், அதாவது ரோமாபுரி ராஜா, போட்ட உத்தரவு. எல்லோரும் அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பேர் எழுதிக்கொள்ள வேண்டும். அதனால் மரியாளும் யோசேப்பும் நாசரேத்தை விட்டுப் பெத்லகேமுக்குக் கிளம்பினார்கள்.

“கிளம்பிட்டாங்க!” என்று லோயிஸ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

“எல்லையில கீற எங்க நாத்தனார் ஊர்லயும் இதே கதைதான்” என்றார் சுலோசனா அத்தை. “இது ஆந்திராவா மெட்ராஸான்னு ஒரே சண்ட. நீ தமிழா தெலுங்கான்னு தெனம் ஒருத்தர் வந்து கேட்டு எழுதிக்கினு போறாங்களாம்.”

“எல்லா ராயனுக்கும் அதான் வேலை” என்றார் நைனா.

வாசலிலிருந்து சிட்டிபாபு கேட்டார். “நாசரேத்து டு பெத்லகேமு எவ்ளோ தூரம், பாப்பா?”

லோயிஸ் நைனாவைப் பார்த்தாள். “நாலஞ்சு நாள் நடக்கணும்னு போதகர் சொன்னாரு” என்றார் நைனா.

“அய்யோ ராமா! மாசமா இருக்கற பொண்ணு! பஸ்ஸு லேதா?”

“கழுததான்” என்றான் அசரியா.

சிட்டிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்புறம் ஏமாயிந்தி?”

“அப்புறம் இன்னா ஆச்சுன்னு நாளைக்கு” என்றாள் லோயிஸ்.

சிட்டிபாபு போய்விட்டார். சட்டையைக் கேட்க மறந்தே போய்விட்டார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வந்தது. பலகாரத் தட்டுகள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. துணிக்குவியல் கரைந்துவிட்டது. அசரியாவின் நட்சத்திரமும் தயார். சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதம் ஒட்டி, ஆளுயரத்துக்குக் கம்பீரமாக நின்றது. அதை வாசலில் கட்டுவதற்காக அசரியா தூக்கிக்கொண்டு போனான். போனவன் நிலைப்படியில் நின்றுவிட்டான்.

நேராகப் பிடித்தான், போகவில்லை. சாய்த்தான், போகவில்லை. திருப்பினான். நட்சத்திரத்தின் ஒரு கால் நிலையில் மாட்டிக்கொண்டது.

“உள்ள உக்காந்து செய்யறப்ப, வெளிய போவுமான்னு யோசிக்க வேணாமாடா?” என்று அம்மா கேட்டார்.

அசரியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதினைந்து நாள் உழைப்பு. லோயிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டாள். முன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நடுவில் உத்தரத்திலிருந்து ஒரே ஒரு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா, இங்கயே கட்டிடலாம். பல்பு உள்ள வர்ற மாதிரி. நம்ம பாய்க்கு நேரா மேல.”

கட்டினார்கள். விளக்கைப் போட்டதும் சுவர், பாய், மிஷின், எல்லோருடைய முகம் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஆகிவிட்டன. அசரியாவின் முகத்தில் மறுபடியும் பெருமை வந்தது. “நான் மொதல்லயே இப்டித்தான் நெனச்சேன்” என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சுலோசனா அத்தை சீக்கிரமே வந்து பாயில் இடம் பிடித்துவிட்டார். லோயிஸ் புத்தகத்தை எடுத்து நாடாவை விலக்கினாள். கடைசிப் பகுதி. இன்றைக்குப் பெத்லகேம்.

“மாஸ்டரு! நா சட்டை!”

சிட்டிபாபு நேராக உள்ளே வந்துவிட்டார். “காலையில ஃபஸ்ட் பஸ்ஸு. பழைய சட்ட கிழிஞ்சிபோச்சு. புது சட்ட இல்லாம போனா மேனேஜர் என்ன பஸ்ல ஏத்த மாட்டாரு. ‘லேது’ன்னுடுவாரு!”

நைனா நாக்கைக் கடித்துக்கொண்டார். சட்டை தைத்தாகிவிட்டது, காஜாவும் எடுத்தாகிவிட்டது. பட்டன் மட்டும் வைக்கவில்லை. “தப்பு என்னுதுதான். இப்பவே வச்சித் தரேன்” என்று சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் வேதபுத்தகத்தைப் பார்த்தார். பிறகு லோயிஸைப் பார்த்தார்.

ஒவ்வொரு வருஷமும் இந்தக் கடைசிப் பகுதியை நைனாதான் வாசிப்பார். அவர் குரல் அப்போது சர்ச்சில் பேசுவது போல மெதுவாக ஆகிவிடும். லோயிஸ் நன்றாகத்தான் வாசிப்பாள். ஆனாலும் அந்தக் குரல் இல்லாமல் பெத்லகேம் வந்தால் அது பெத்லகேம் மாதிரியே இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் சட்டென்று எழுந்தாள். புத்தகத்தை நைனா கையில் கொடுத்தாள். காக்கிச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“பட்டன் நான் வைக்கறேன் நைனா. நீங்க படிங்க.”

“உனக்கு வருமா கண்ணு?”

“நான் உங்க பொண்ணுதானே?”

பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பாயில் தன் பக்கத்தில் தட்டினாள். “சிட்டிபாபு அண்ணா, இங்க உக்காருங்க. எடம் கீது.”

சிட்டிபாபு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஊசித் திண்டில் நூல் கோத்த ஊசி ஒன்று இருந்தது. லோயிஸ் அதை எடுத்துக்கொண்டாள். நைனா வாசிக்கத் தொடங்கினார். அதே குரல்.

மரியாளும் யோசேப்பும் நடந்தார்கள், நடந்தார்கள். பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“பெத்லகேம்! பெத்லகேம் எறங்கு!” என்று சிட்டிபாபு கூவிவிட்டார். பழக்கதோஷம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நைனா தொடர்ந்தார். ஊர் முழுக்கக் கூட்டம். தங்குவதற்குச் சத்திரத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

சிட்டிபாபுவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“எடம் லேதுன்னு சொன்னாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமா” என்றார் நைனா.

“அந்தப் பொண்ணுகிட்டயா? அந்த நெலமையிலயா?”

‘லேது’ என்பது தினமும் அவர் எத்தனையோ பேரிடம் சொல்கிற வார்த்தை. சிட்டிபாபு தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா வாசித்து முடித்தார். மாடு கட்டுகிற இடத்தில் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டியில் படுக்க வைத்தார்கள். லோயிஸின் கை கடைசி பட்டனில் அப்படியே நின்றிருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுலோசனா அத்தை மூக்கை உறிஞ்சிவிட்டு, “எங்க வீட்டுக்கு வந்திருந்தா முன் ரூம ஒழிச்சுக் குடுத்திருப்பேன்” என்றார். அவர் சொன்னால் செய்திருப்பார்.

வந்து சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டார்கள். லோயிஸுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்துச் சிட்டிபாபுவிடம் கொடுத்தாள். ஒரு கீர்த்தனை பாடினார்கள். நைனா ஜெபம் செய்தார். அம்மா எல்லோர் கையிலும் இரண்டிரண்டு அதிரசம் வைத்தார்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் திருப்பதியில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க எல்லோரும் பஸ் ஏறினார்கள். சிட்டிபாபுவின் பஸ்தான். ஒரே கூட்டம். லோயிஸும் அசரியாவும் ஒரு சீட்டில், நடுவில் பெரிய முறுக்கு டப்பா.

டிக்கெட் கொடுக்க வந்த சிட்டிபாபுவின் புதுச் சட்டையைப் பார்த்து லோயிஸ் திடுக்கிட்டாள். காக்கிச் சட்டையில் ஆறு பட்டனும் பளிச்சென்று சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தன. அன்று ராத்திரி அசரியாவின் நட்சத்திர வெளிச்சத்தில் எல்லா நூலும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. அது பாட்டுக் குழுவின் அங்கிக்குக் கோத்து வைத்த ஊசி.

“ஐயையோ! குடுங்கண்ணா, மாத்தித் தரேன்!”

“ஒத்து, ஒத்து! வேணாம்! மாத்தவே கூடாது” என்று சிட்டிபாபு பட்டன்களைக் கையால் மூடிக்கொண்டார். “மேனேஜரு கேட்டாரு. இது பெத்லகேம் ஃபேஷன்னு சொல்லிட்டேன்.”

சந்திரகிரியில் பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்கள் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு இளம் பெண், இடுப்பில் குழந்தையோடும், பக்கத்தில் மூட்டை தூக்கிய புருஷனோடும் நின்றாள். “ஐயா, கொழந்தைக்கு முடி எறக்க மலைக்குப் போவணும். அலிபிரிப் படி ஏறறதுக்குள்ள வெயில் வந்துடும். கொஞ்சம் எடம் குடுங்கய்யா” என்றாள்.

“லே...” என்று சிட்டிபாபு வாயைத் திறந்தார். அந்த வார்த்தை பாதியில் நின்றது. அவருடைய விரல் சிவப்பு நூல் பட்டனைத் தடவியது.

அதற்குள் லோயிஸ் முறுக்கு டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அசரியாவை ஜன்னல் பக்கம் நெருக்கினாள். “சிட்டிபாபு அண்ணா, இங்க எடம் கீது!”

சிட்டிபாபு நிமிர்ந்தார். திருப்பதி ரோட்டில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு வார்த்தையை உரக்கக் கூவினார்.

“உந்தி! எடம் உந்தி! ஏறும்மா, ஏறு!”

பஸ்ஸில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். “ஏமய்யா, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் கீறேன். ரைட், ரைட்!”

அந்தப் பெண் லோயிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியிலிருந்த குழந்தை டப்பாமேல் இரண்டு கையையும் வைத்துத் தாளம் போட்டது. ஒரு ஆளுக்குக்கூட இடமில்லாமல் இருந்த பஸ், இன்னும் மூன்று பேரோடு திருப்பதிக்குக் கிளம்பியது.